கொரோனா காலத்தில் இலவசமாகக் கிடந்த பதில்கள்... கடலூருக்கு வந்து சேராதது ஏன்?

2020 மே 4-ம் தேதி மாலை. சுகாதாரத்துறையின் தினசரி அறிக்கை வெளியானது. தமிழகத்தில் அன்று ஒரே நாளில் 527 பேருக்குக் கொரோனா. அதில் சென்னை 266. அதற்கு அடுத்த இடத்தில் இருந்த பெயர்தான் பலரையும் அதிரவைத்தது. கடலூர், 122 பேர்.

காரணம் கோயம்பேடு. சந்தையில் மூட்டை தூக்கவும் காய்கறி தரம் பிரிக்கவும் போயிருந்த கடலூர் மாவட்டத்துத் தொழிலாளர்கள், ஊரடங்கில் கையில் காசும் தங்க இடமும் இல்லாமல் ஊர் திரும்பினார்கள். பேருந்து ஓடவில்லை. கிடைத்த சரக்கு லாரிகளில் ஏறி வந்தவர்கள் பலர். மறுநாள், மே 5-ம் தேதி, கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அதற்குள் விழுப்புரம், அரியலூர், கடலூர் எனப் பல மாவட்டங்களின் கணக்கு தலைகீழாகிவிட்டது. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கொரோனா நோயாளிகளால் நிரம்பியது.

அப்போது ஊருக்கு ஊர் எழுந்த கேள்விகள் எளிமையானவை. லாரியில் ஒருவருக்கு இருந்தால் கூட வந்த எல்லோருக்கும் ஒட்டிக்கொள்ளுமா? வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு வருமா? வந்தால் அவர்கள் மற்றவர்களுக்குப் பரப்புவார்களா? பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் வாட்ஸ்அப் புகுந்தது. ஒரு ஃபார்வர்டு 'ஒருவருக்கு வந்தால் தெருவே காலி' என்றது. இன்னொன்று 'நம்மூர் வெயிலுக்கு வைரஸ் செத்துவிடும்' என்றது.

ஐந்தே மாதத்தில் இந்தக் கேள்விகளுக்கு ஆதாரத்தோடு பதில் கிடைத்தது. அதுவும் நம் ஊர்த் தகவல்களை வைத்தே!

நம்மிடமிருந்தே போன தகவல்

2020 செப்டம்பர் 30-ம் தேதி, உலகின் முன்னணி அறிவியல் இதழ்களில் ஒன்றான 'சயின்ஸ்' ஓர் ஆய்வை இணையத்தில் வெளியிட்டது. ரமணன் லட்சுமிநாராயணன் தலைமையிலான குழு செய்த ஆய்வு அது. அப்போதைய தமிழக சுகாதாரத்துறைச் செயலாளர் ஜெ.ராதாகிருஷ்ணனும் கட்டுரையாசிரியர்களில் ஒருவர். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தொற்று உறுதியான 84,965 பேரையும், அவர்களோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரையும் இந்தக் குழு விரிவாக ஆராய்ந்தது. வீடு வீடாகப் போய் 'யாரோடு பேசினீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள்' என்று களப்பணியாளர்கள் கேட்டு எழுதிய தகவல்கள்தான் அடிப்படை. தொற்றுத் தொடர்பைத் தடமறிவதில் அந்த அளவுக்குப் பெரிய ஆய்வு அதற்கு முன் வேறெங்கும் வந்ததில்லை.

அது சொன்னது என்ன? தொற்று உறுதியானவர்களில் 10-க்கு 7 பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று கண்டறியப்படவில்லை. அதேநேரம், வெறும் 8 சதவிகிதம் பேர் வழியாகப் புதிய தொற்றுகளில் 60 சதவிகிதம் பரவியிருந்தது. குழந்தைகளும் பரப்புகிறார்கள், குறிப்பாகத் தங்கள் வயதையொத்த பிள்ளைகளுக்கு. முகக்கவசம் இல்லாமல் பேருந்திலோ ரயிலிலோ தொற்றாளருக்கு அருகில் 6 மணி நேரத்துக்கு மேல் பயணித்தவர்களுக்குத்தான் ஆபத்து மிக அதிகம். பத்தில் எட்டுப் பேர் என்ற அளவுக்கு! லாரியில் நெருக்கியடித்துக்கொண்டு வந்த ஊர்க்காரர்களுக்கு இதைவிட நெருக்கமான தகவல் இருக்க முடியுமா?

இந்தக் கட்டுரையைப் படிக்கக் கட்டணம் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால், ஆங்கிலத்தில் இருந்தது. அப்படியொன்று இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. தகவல் கொடுத்த வீடுகளுக்கு முடிவு திரும்பி வரவில்லை.

பூட்டு திறந்த கதை

ஆய்வுக்கட்டுரைகள் பொதுவாக இப்படி இலவசமாகக் கிடைப்பவை அல்ல. பெரிய ஆய்விதழ்களில் ஒரு கட்டுரையைப் பணம் கட்டிப் படிக்க 30, 40 டாலர் கேட்பது வழக்கம். நம் மதிப்பில் சுமார் 3,000 ரூபாய். மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வாக இருந்தாலும் இதே கதைதான்.

அதன் விலை என்ன என்பதை லைபீரியா அனுபவித்தது. 2014-ல் அங்கே எபோலா ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தபோது, 'இந்த நாட்டில் இதற்கு முன் எபோலா இருந்ததேயில்லை' என்றே எல்லோரும் நம்பினார்கள். ஆனால், அந்நாட்டு மக்களின் ரத்தத்தில் எபோலாவுக்கான எதிர்ப்புப் பொருள் இருந்ததை 1982-லேயே ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, ஓர் ஐரோப்பிய ஆய்விதழில் எழுதி, எச்சரித்தும் இருந்தார்கள். 2015-ல் அதைத் தேடிக் கண்டெடுத்த லைபீரிய சுகாதார அதிகாரிகள் நொந்துபோனார்கள். கட்டுரையின் விலை 45 டாலர். அந்நாட்டு மருத்துவர் ஒருவரின் அரை வாரச் சம்பளம்!

கொரோனா வந்தபோது உலகம் கொஞ்சம் வேகமாகவே நகர்ந்தது. 2020 ஜனவரி 11-ம் தேதி, சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழு கண்டறிந்த வைரஸின் மரபணு வரிசை, யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கப்பட்டது. தடுப்பூசி வேலைகள் உடனடியாகத் தொடங்கியது அதனால்தான். ஜனவரி 31-ம் தேதி, பிரிட்டனின் 'வெல்கம்' அறக்கட்டளை முன்னெடுத்த கூட்டறிக்கையில் முக்கியப் பதிப்பகங்கள் கையெழுத்திட்டன. மார்ச் 13-ம் தேதி, இந்தியா உட்படப் பல நாடுகளின் அரசு அறிவியல் ஆலோசகர்கள், கொரோனா தொடர்பான கட்டுரைகளை எல்லோருக்கும் திறந்துவிடும்படி பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார்கள். திறந்தார்கள். ஆனால், ஜனவரி அறிக்கையிலேயே 'குறைந்தது இந்தத் தொற்று நீடிக்கும் வரையிலாவது' என்றொரு வரம்பும் இருந்தது. மழைக்கு ஒதுங்கத் திண்ணையைத் திறந்துவிடுவதுபோல. மழை விட்டதும் கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

பிளாஸ்மா தேடிய இரவுகள்

2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க முடியாது. படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை. போனைத் திறந்தால், 'அவசரம்! ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை' என்ற செய்திகள். கொரோனாவிலிருந்து மீண்டவரின் ரத்தத்தில் இருந்து பிரித்தெடுக்கும் பிளாஸ்மாவைச் செலுத்தினால் நோயாளி பிழைத்துவிடுவார் என்ற நம்பிக்கை. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

ஆனால், அந்தக் கேள்விக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே பதில் வந்திருந்தது. ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே நடத்திய சோதனை அது. நாடு முழுவதும் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகள். 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும், 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 28 நாள்கள் கழித்துப் பார்த்தால், பிளாஸ்மா பெற்றவர்களில் 44 பேருக்கு நோய் தீவிரமானது அல்லது அவர்கள் இறந்துபோனார்கள். பெறாதவர்களில் 41 பேர். அதாவது 19 சதவிகிதம், 18 சதவிகிதம். பலனில்லை என்று அர்த்தம்.

2020 செப்டம்பரில் முன்பதிப்பாகவும், அக்டோபர் 22-ம் தேதி 'பி.எம்.ஜே.' என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழிலும் வெளியானது இந்தக் கட்டுரை. யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம். ஆனால் அரசின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே 17-ம் தேதிதான். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். இங்கே ஆய்வு செய்ததும் அரசு, வழிகாட்டி எழுதியதும் அரசு. இடையில் கழிந்த ஏழு மாதங்களுக்கு யாரைக் கேட்பது?

(பிற்பாடு, நோய் தொடங்கிய சில நாள்களுக்குள், எதிர்ப்புப் பொருள் அதிகமுள்ள பிளாஸ்மாவைக் கொடுத்தால் சிலருக்குப் பலன் உண்டு என்று வேறு ஆய்வுகள் காட்டின. மருத்துவமனையில் மூச்சுத்திணறிக் கிடந்தவர்களின் விஷயம் வேறு.)

ரெம்டெசிவிர் கதையும் இதற்குச் சளைத்ததில்லை. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் அந்த ஊசி மருந்துக்காக வெயிலில் நின்ற வரிசையைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வெளி மாவட்டங்களிலிருந்தும் வந்து விடிய விடியக் காத்துக்கிடந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 30 நாடுகளில், 11,330 நோயாளிகளிடம் நடத்திய 'சாலிடாரிட்டி' சோதனையின் முடிவு 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது. ரெம்டெசிவிர் மருத்துவமனை நோயாளிகளின் உயிரிழப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றது அது. இந்தச் சோதனையில் இந்திய மருத்துவமனைகளும் பங்கேற்றிருந்தன.

அதே 2020 ஜூனில் வந்த இன்னொரு முடிவு, டெக்ஸாமெத்தசோன் பற்றியது. பிரிட்டனின் 'ரெக்கவரி' சோதனை. வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை இது மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது, ஆக்சிஜன் தேவைப்படுபவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறது என்றது. சில ரூபாய்க்குக் கிடைக்கும், பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள ஸ்டீராய்டு மருந்து. இதற்காக யாரும் கீழ்ப்பாக்கம் போக வேண்டியிருக்கவில்லை.

எந்த மருந்தைக் கொடுப்பது என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும், குடும்பத்தினர் அல்ல. ஆனால், 'இந்த ஊசி அவசியமா டாக்டர், இதனால் உயிர் பிழைப்பார் என்று நிரூபணமாகியிருக்கிறதா?' என்று கேட்கும் தைரியம் ஒரு மகளுக்கு வர, அவள் கையில் ஒரு தாள் இருந்தால் போதும். நகையை அடகு வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

இலவசம் என்பதாலேயே நம்பிவிடலாமா?

கூடாது. 2020 மே 22-ம் தேதி, 'லான்செட்' இதழில் ஹைட்ராக்ஸி குளோரோகுயின் பற்றி ஒரு கட்டுரை வந்தது. 96,000 நோயாளிகள், 671 மருத்துவமனைகள் என்று மலைக்கவைக்கும் கணக்கு. உலக சுகாதார நிறுவனமே தன் சோதனையை இடைநிறுத்தியது. கட்டுரையைப் படித்த மற்ற விஞ்ஞானிகள், 'இந்த எண்கள் இடிக்கின்றனவே' என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். மூலத் தகவலைத் தணிக்கைக்குக் காட்ட, தகவல் கொடுத்த 'சர்ஜிஸ்பியர்' நிறுவனம் முன்வரவில்லை. ஜூன் 4-ம் தேதி கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மொத்தம் இரண்டே வாரம்! எல்லோரும் படிக்கும்படி இருந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் குட்டு உடைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமா? கபசுரக் குடிநீர். தமிழகத்தில் அதைக் குடிக்காத வீடு குறைவு. அதைப் பற்றி தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு, 2021-ல் 'ட்ரையல்ஸ்' என்ற இதழில் வெளியானது. இதையும் முழுமையாக, இலவசமாகப் படிக்கலாம். வைட்டமின் சி, துத்தநாக மாத்திரை எடுத்தவர்களைவிடக் கபசுரக் குடிநீர் குடித்தவர்களின் உடலில் வைரஸ் அளவு குறைந்தது என்கிறது முடிவு. 'பார்த்தீர்களா, நிரூபணமாகிவிட்டது' என்று சொல்லத் தோன்றும். கட்டுரைக்குள் போனால் தெரியும், மொத்தம் பங்கேற்றவர்கள் 60 பேர். எல்லோரும் அறிகுறியே இல்லாதவர்கள். யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது மறைக்கப்படவில்லை. 'இது தொடக்கநிலை ஆய்வு' என்று தலைப்பிலேயே ஆய்வாளர்கள் நேர்மையாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, தீவிர நோயாளியைக் கபசுரக் குடிநீர் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரையில் விடை கிடையாது. அந்தக் கேள்வியை அது எழுப்பவேயில்லை. ஆதரிப்பவர்களும் கேலி செய்பவர்களும் இதைப் படித்துவிட்டுப் பேசியிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

போனிலேயே தேடுவது எப்படி?

முதலில் 'பப்மெட் சென்ட்ரல்'. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000-ம் ஆண்டு முதல் நடத்தும் இலவசக் களஞ்சியம் இது. 'பப்மெட்' வேறு, 'பப்மெட் சென்ட்ரல்' வேறு என்பதைக் கவனிக்க வேண்டும். முதலாவதில் பெரும்பாலும் சுருக்கம் மட்டுமே இருக்கும். இரண்டாவதில் இருப்பவை முழுக் கட்டுரைகள். நோயின் பெயர், மருந்தின் பெயர் இரண்டையும் ஆங்கிலத்தில் கொடுத்தால் போதும்.

ஒரு கட்டுரை பணம் கேட்டால் உடனே விட்டுவிட வேண்டாம். கூகுள் ஸ்காலரில் அதன் தலைப்பைத் தேடி, கீழே இருக்கும் 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைத் தட்டினால், ஆசிரியரே தன் பல்கலைக்கழகப் பக்கத்தில் வைத்திருக்கும் இலவசப் பிரதி பல நேரம் அகப்படும். கணினி வைத்திருப்பவர்கள் 'அன்பேவால்' என்ற இலவச நீட்டிப்பை பிரவுசரில் சேர்த்துக்கொண்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியை அதுவே தேடித்தரும். எதுவும் கிடைக்கவில்லையா? கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். இரண்டு வரி எழுதிக் கேட்கலாம். தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புவதில் மகிழாத ஆய்வாளர் குறைவு.

'மெட்ஆர்க்கைவ்' போன்ற தளங்களில் இருப்பவை முன்பதிப்புகள். மற்ற நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே வெளியிடப்பட்டவை. அவசரத்துக்கு உதவும், முழுதாக நம்ப வேண்டியதில்லை. பழைய கட்டுரை என்றால், அது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று பக்கத்தின் மேற்பகுதியைப் பார்த்துவிடுவது நல்லது.

ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்கு 'காக்ரேன்' உதவும். ஒரு சிகிச்சை குறித்து உலகில் நடந்த எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக வைத்து அலசும் அமைப்பு. அதன் எளிய சுருக்கங்களில் பல தமிழிலேயே கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பில் சில இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும், வாட்ஸ்அப் ஃபார்வர்டைவிட நூறு மடங்கு மேல்.

சிதம்பரத்தில் 1928-ல் ஒருவர் பேசியது

இந்தக் கவலை புதிதும் அல்ல, வெளியூர்ச் சரக்கும் அல்ல. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன், இந்திய நூலகவியலின் தந்தை. கணிதப் பேராசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். நூல்கள் பூட்டி வைக்க அல்ல, பயன்படத்தான் என்று தொடங்கும் அவருடைய ஐந்து விதிகள் உலகமெங்கும் நூலகவியல் மாணவர்களின் முதல் பாடம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், தேடுபவரின் நேரம் வீணாகக் கூடாது என்பதெல்லாம் அவற்றில் அடக்கம்.

அந்த விதிகளை அவர் முதன்முதலாகப் பொதுமேடையில் வைத்தது எங்கே தெரியுமா? 1928 டிசம்பரில், சிதம்பரம் அண்ணாமலைநகர் மீனாட்சி கல்லூரி வளாகத்தில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில். அதே வளாகம்தான் மறு ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகமானது. ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து கோயம்பேடு தொழிலாளர்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது.

இன்று அந்த மருத்துவக் கல்லூரி அரசு வசம். பெயரில் கடலூர், இருப்பது சிதம்பரத்தில். 2024 நவம்பர் 25-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், இதுபோன்ற அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத்தான். 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். பெரிய காரியம், சந்தேகமில்லை.

ஆனால், இந்தக் கணக்கில் கடலூர் மாவட்ட மைய நூலகம் இல்லை. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிற கடலூர்வாசி, அங்கே போய் உட்கார்ந்தாலும் அந்த 13,000 இதழ்களும் அவருக்குத் திறக்காது. தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியருக்கும் திறக்காது. கிளினிக் வைத்திருக்கும் மருத்துவருக்கும் திறக்காது. திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்கு, அடுத்த கட்டம் தனியார் கல்லூரிகளுக்கு, மூன்றாவது கட்டத்தில்தான் பொது நூலகங்கள் வழியாக எல்லா மக்களுக்கும் என்பது ஏற்பாடு. முதல் கட்டத்துக்கான பணம் 2027 டிசம்பர் வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது.